குடும்ப நல அமைச்சகத்துக்கு மகாராஜபுரத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தின் சமூகத்துக்கு, வத்திராயிருப்பை அடுத்து மலையடிவாரத்தில் இருக்கும் மகாராஜபுரத்துப் பிரஜை ஒருவன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

உலகில் வேறெந்த அரசாங்கமும் துணியாத 1952-ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்ற தங்கள் தீர்க்கதரிசனத்தை நாங்கள் மறக்கவில்லை. சுவர்தோறும் தலைகீழான சிவப்பு முக்கோணத்தை வரைந்து, பக்கத்தில் அப்பன், அம்மை, பிள்ளைகள் இருவர் என நான்கு முகங்களைத் தீட்டியபோது, அந்த அப்பனுக்கும் இதில் ஏதோ கைங்கரியம் உண்டு போலும் என்று பாமரத்தனமாக எண்ணிக்கொண்டோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு அந்த மயக்கத்தைத் தெளிவித்தது: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57.8 பேர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் செய்துகொண்ட கணக்கோ 0.1. ஆயிரத்தில் ஒருவரான அந்த மகாபுருஷர் எங்கள் தாலுகாவில் இருந்தால் தரிசிக்க ஆசை.

பிரசவ வலியில் நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, கட்டிலின் இரும்புக் கம்பியை இறுகப் பற்றியிருக்கும் ஒருத்தியிடம், "காப்பர் டி போட்டுக்கிறியாம்மா, இல்லை ஆபரேஷனே பண்ணிடலாமா?" என்று கேட்பதற்கு அதைவிடச் சாவகாசமான முகூர்த்தம் வாய்க்குமோ? நஞ்சு விழுந்த பத்து நிமிஷத்துக்குள், தவறினால் 48 மணி நேரத்துக்குள், காப்பர் டி-யை வைக்கலாம் என்பதும், 380 ஏ ரகம் பத்து வருஷம் காக்கும் என்பதும், அடுத்தடுத்த கர்ப்பத்தால் தளர்ந்த தாய்க்கு அது மகத்தான உபகாரம் என்பதும் மெய்யே, எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கர்ப்ப காலத்திலேயே விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று தாங்களே விதித்திருக்க, அந்த விளக்கம் பல இடங்களில் வலியோடு சேர்ந்தே வருகிறது. கணவனோ வாசல் டீக்கடையில், ஆணா பெண்ணா என்று விசாரிப்பதைத் தவிர வேறு சிரமமின்றி நிற்கிறான்.

அவனுக்கான வாசக்டமி ஆபரேஷன் கத்தியில்லாமல், தையலில்லாமல் சிறிது நேரத்தில் முடிந்து, அன்றைக்கே வீடு திரும்பிவிடக்கூடியது. அரசு தரும் தொகையும் அவனுக்கு 1,100 ரூபாய், ஏழைப் பெண்ணுக்கு 600 ரூபாய்தான். ஆயினும் செய்துகொண்டால் பாரம் தூக்க முடியாது, தெம்பு போய்விடும் என்கிறான், ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறி இறங்குகிறவன். வயிற்றில் தையல் போட்டவள் நாற்று நடவுக்கும், ராஜபாளையத்து மில்லுக்கும், நாட்டின் புண்களுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டித் தறிக்கும் திரும்பிவிடுகிறாள். அவள் தெம்பைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

ஆண்பிள்ளையைத் தாங்கள் விட்டுவைத்த காரணமும் அறிவோம். நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல் ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆபரேஷன் நடந்தது. அவர்களில் முக்கால் பங்கு ஆண்கள். அந்தப் பலாத்காரத்துக்கு 1977 தேர்தலில் வடக்கே கிடைத்த சன்மானத்துக்குப் பின், எந்த ஆட்சிக்கும் ஆணிடம் நெருங்கத் தைரியம் வரவில்லை. பலாத்காரத்தை விட்டிருக்கலாம்; தாங்கள் ஆணையே விட்டுவிட்டீர்கள்.

1930-லேயே 'குடி அரசு' ஏட்டில் கர்ப்பத்தடையை ஆதரித்த பெரியார், தேசத்தின் தரித்திரத்தைக் காரணமாகக் காட்டாமல், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். இத்தனை திட்டங்களில் அந்த ஒரு காரணத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. இப்போதோ, 1971 ஜனத்தொகைப்படி நிறுத்திவைத்த மக்களவைத் தொகுதி எண்ணிக்கையை மறுவரையறை செய்யும் பேச்சு எழ, சொன்னபடி கேட்டு அடங்கிய தமிழ்நாட்டுக்கு ஸ்தானங்கள் குறையுமோ என்ற பயத்தில், 2024 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலினே ஒரு திருமண மேடையில் பதினாறு பிள்ளை ஏன் பெறக் கூடாது என்று கேட்டார். காப்பர் டி நூலின் ஒரு நுனி டில்லியில், மறுநுனி சென்னையில். நடுவில் இருப்பவளிடம் மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே, ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே அவளிடம் எல்லாவற்றையும் விளக்கி, வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுத்து, கூட வந்தவனிடமும் ஒரு படிவத்தை நீட்டும்படி பிரார்த்திக்கிறேன். மேலும், நவம்பர் 21-இல் தொடங்கும் வாசக்டமி இருவார விழாவின் ஜீப்பைத் தயவுசெய்து தாணிப்பாறையில் நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ பெரும்பாலும் ஒன்று வந்துவிடும். ஜில்லாவின் தெம்புள்ள ஆண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மலையேற அங்கேதான் இருப்பார்கள்.

இங்ஙனம்,
மகாராஜபுரம் வாசி