ஈறு கொடுத்த வள்ளல்கள்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழன் பல் மருத்துவத்துக்குத் தன் ஈறையே கொடுத்தான். அவனை ஏன் வள்ளல் பட்டியலில் சேர்க்கவில்லை?

1970இல் ஹரால்ட் லோ என்ற நார்வே நிபுணரின் குழு, இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திறந்து பார்த்தது. விஞ்ஞானத்துக்கு வாயெல்லாம் பல்! பிரஷ் பழக்கமில்லை, பல் டாக்டரின் நிழல்கூடப் பட்டதில்லை, பல்லெல்லாம் காறை, ஈறெல்லாம் வீக்கம். இவ்வளவு சுத்தமான புறக்கணிப்பு ஒஸ்லோவில் கிடைக்குமா? ஒப்பிட்டுப் பார்க்க அங்கே எடுத்துக்கொண்டவர்கள், சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியம் கண்ட மாணவர்களும் படித்த உத்தியோகஸ்தர்களும்.

1971, 73, 77, 82, 85 என்று வந்து வந்து அளந்தார்கள். மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தார்கள். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக அரித்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு இருபது வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 45இல் வாய் காலி. அழுக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், அழிவு ஒன்றல்ல என்று உலகம் கற்றுக்கொண்டது. பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை.

இந்த ஆய்வைப் பற்றி 1986இல் வந்த கட்டுரையின் தர்க்கத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. இவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை, சிகிச்சையும் கிடைப்பதில்லை; ஆகவே விழுந்த பல் ஈறுநோயால் விழுந்ததே. பல் பிடுங்கக்கூட ஆளில்லாத கொடுமை, கணக்குக்கு எத்தனை வசதி! பதினைந்து வருடம் கடல் தாண்டி வரக் காசிருந்தது. பிரஷ்ஷும் சுரண்டும் கருவியும் வந்திருந்தால் ஆய்வின் வளைகோடு கெட்டுப்போயிருக்கும், பாவம்.

ஈறுநோயின் ஆபத்துக் காரணிகள் என்று புகையையும் சர்க்கரை நோயையும் பரம்பரையையும் பாடப்புத்தகம் எண்ணும். இந்தத் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எண்ணாது. தொழிலாளர் குடும்பங்கள் அடைந்துகிடந்த லயக் காம்பராவை எண்ணாது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம் என்பதையும் எண்ணாது.

1985இல் 480 பேரில் அகப்பட்டவர்கள் 161. அந்தப் பதினைந்து வருடத்தில் தேயிலை விளையும் மலையகம் கண்டவை: சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிய கப்பல்கள், 1974இன் பட்டினிச் சாவுகள், 77இலும் 83இலும் எரிந்த வீடுகள். இவற்றை அளக்க யாரும் கருவி கொண்டுவரவில்லை. லோ மட்டும் 1983இல் அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார்.

2010இல் ஆய்வாளர்கள் மறுபடியும் தேடி வந்தார்கள். 75 பேர் கிடைத்தார்கள். விட்ட இடத்திலிருந்து அளந்தார்கள்.