தண்ணி விழுதா அண்ணாச்சி?

1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபோது, இனி நம் சீமையின் குரல் நம் வீட்டில் கேட்கும் என்றார்கள். கேட்டது என்னவோ கொழும்புதான். சினிமாப் பாட்டு கெட்ட சகவாசம் என்று ஐம்பதுகளில் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் நம் வானொலியில் ஒதுக்கிவைத்த புண்ணியத்தில், இலங்கை வானொலி ஏற்கெனவே நடுவீட்டில் குடியேறியிருந்தது. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது மாதிரி பேசிப் பார்க்காத பையன் தென்காசியில் உண்டா? நானும் பேசித் திரிந்தேன்.

எண்பதுகளில் குரல் தேர்வில் தேறி, நெல்லை நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளரானேன். காலை ஒலிபரப்புக்கு முதல் பஸ் உதவாது. முந்தின நாளே ஆலங்குளம் வழியாகப் போய்ப் படுத்துவிட வேண்டும். ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் இருமலுக்குக்கூட இடமில்லை. ஒலிநாடா அறுந்தால் பிளேடால் சாய்வாக நறுக்கி ஒட்டுவோம். ஒட்டு காதுக்குத் தெரியாது. என் பேச்சிலிருந்து தென்காசியையும் அப்படியே நறுக்கி எடுத்தேன். ஊர்ப் பேச்சுக்கு அனுமதி இருந்தது விவசாய நிகழ்ச்சியில் மட்டும். அங்கேயும் “வாங்க அண்ணாச்சி” என்பதை எழுதி வைத்துத்தான் படித்தார்கள்.

ஊருக்கு வேண்டியதோ ஒரே சங்கதி. ஆனி பிறந்துவிட்டால், குற்றாலத்தில் சாரல் அடிக்கிறதா, ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணி விழுகிறதா? நான் வாசித்தது, “தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்.” மறுநாள் டீக்கடையில் ஒருவர் மடக்கினார்: “அந்த ஓரிரு இடத்துல நம்ம இடம் உண்டா, அதச் சொல்லும்வே!”

1993-இல் சன் டிவி வந்து, தெருவெல்லாம் கேபிள் வயர் தொங்கியபோது உள்ளூர் சேனல் ஒன்று என்னைக் கூப்பிட்டது. ஒரு கடையின் மாடி அறை. சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, கோட்டுக்குக் கீழே கைலியோடு செய்தி வாசித்தேன். குற்றாலம் அஞ்சே கிலோமீட்டர். என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய படமோ நயாகரா. காணாமல்போன பசு, பிறந்தநாள் குழந்தை, புடவைத் தள்ளுபடி எல்லாம் சொன்னேன். ஒரு மாதம் சம்பளத்துக்குப் பதில், விளம்பரம் தந்த பாத்திரக்கடையிலிருந்து எவர்சில்வர் வாளி வந்தது. புகழும் வந்தது. மெயினருவியில் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்ற என்னை, “டிவியில வாரவர்தான?” என்று ஒருவர் குடும்பத்தோடு சுற்றி நின்று பார்த்தார்.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. இப்போது ஆளுக்கொரு சேனல். காலையில் எழுந்தால் மெயினருவி, புலியருவி, சிற்றருவி எல்லாம் போனில் விழுகின்றன. அன்றைக்கு எதையும் சொல்ல விடமாட்டார்கள். இன்றைக்கு எதையும் விட்டுவைப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஜனங்கள் அலறி ஓடும் அந்த வீடியோ அன்று மாலைக்குள் எனக்கே பல பேரிடமிருந்து வந்துவிட்டது. சிலர் அதற்குப் பின்னணி இசையும் போட்டிருந்தார்கள். இசையை யார் எந்த நேரத்தில் யோசித்துச் சேர்த்தார்களோ!

போன சீசனில் பக்கத்துத் தெருப் பையன் மைக்கை என் சட்டையில் குத்திவிட்டான். சாரல் பற்றிப் பேச வேண்டும், நம்ம ஊர் பாஷையில். அதற்குத்தான் ‘லைக்’ விழுமாம். தொண்டையைச் செருமி, “அன்பார்ந்த நேயர்களே” என்று தொடங்கினேன்.

“ஐயோ தாத்தா, செய்தி வாசிக்காதீங்க. சும்மா, ‘என்னலே, குளிக்க வாரியாலே’ன்னு சொல்லுங்க.”

மூன்று தடவை எடுத்தான். பிறகு மைக்கைக் கழற்றிக்கொண்டு, “இருக்கட்டும் தாத்தா, நானே பேசிக்கிடுதேன். நீங்க சும்மா சிரிச்சிக்கிட்டு நில்லுங்க” என்றான்.