எண்ணெய் மாற்றியதற்கு என்ன பிரமாணம்?

ஒரு பொருள் உண்டு என்று துணிவதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று பிரமாணங்களே போதும் என்று சைவ சித்தாந்த ஆசிரியர்கள் அறுதியிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆன்மாவையும் இறைவனையும் இந்த மூன்று அளவைகளைக் கொண்டே நிறுவிக் காட்டிய அந்தப் பெரியோர்கள், சபாக்கில் வந்து குடியிருந்து, ஒரு பழைய மோட்டார் காரை வாங்கி, அதன் எஞ்சின் எண்ணெயை மாற்றுவதற்காக ஒரு பட்டறையில் விட்டிருப்பார்களானால், எண்ணெய் மெய்யாகவே மாற்றப்பட்டதா என்னும் அற்ப விஷயத்தில் மூன்று பிரமாணங்களும் ஒருசேர முடங்கிப் போவதைக் கண்டு, சாஸ்திரத்தைத் திருத்தி எழுதியிருப்பார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சபாக் என்பது சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஆற்றைத் தாண்டினால் பேராக்; ஊத்தான் மெலிந்தாங்கும், 1982 வரையில் தெலுக் ஆன்சன் என்று பெயர் வழங்கிய தெலுக் இந்தானும் அந்தப் பக்கம். தெற்கே திரும்பினால் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் என்று வழியிலுள்ள ஊர்களையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போகிறது. இரயில் எங்கள் ஊரை எட்டிப் பார்த்ததில்லை. பேருந்து உண்டு; ஆனால் அது நம் வீட்டுக் கல்யாண முகூர்த்தத்தையோ, ஆஸ்பத்திரியில் டாக்டர் குறித்துக் கொடுத்த நேரத்தையோ அனுசரித்து வருவதில்லை. ஆகவே, தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே உள்ளடங்கிய தோட்டங்களில் பிறந்து, பின்னர் தாமான் என்னும் குடியிருப்புக்கு வந்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்குக் கார் என்பது ஆடம்பரமன்று. அது குடும்பத்தில் ஒரு நபர். எங்கள் குடும்பத்து நபர், 1985இல் முதல் தேசியக் காராக வெளிவந்த புரோட்டோன் சாகாவின் வம்சத்தைச் சேர்ந்தவர், வயதில் மூத்தவர், ஏறுமுகமான சாலையில் சற்றே பெருமூச்சு விடுவார், மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

அந்த நபரின் உயிர்நிலை எஞ்சின் எண்ணெய். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உராய்வைத் தணிப்பதும், சூட்டை வாங்கிச் செல்வதும், கரியையும் துகளையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு தான் கறுத்துப்போவதும் அதன் சுபாவம். கறுத்துத் தளர்ந்தபின் அதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். சாதா எண்ணெயானால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, உயர்ரகச் செயற்கை எண்ணெயானால் பத்தாயிரத்துக்கு ஒருமுறை என்று எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எண்ணெயின் கொழகொழப்பை எண்ணிட்டு வகுக்கும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911இலேயே தொடங்கி வைத்தது. இன்று புட்டியின்மேல் காணப்படும் இரண்டு எண்களில் முன்னது கடுங்குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் குறிப்பது. சபாக்கில் கடுங்குளிர் என்பது ஐஸ் கட்டித் தொழிற்சாலைக்குள் மட்டுமே நிலவுவதாகையால், அந்த எண்ணை நாங்கள் ஒரு மரியாதைக்காக வாசித்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

எண்ணெய்க்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. முதல் உலக யுத்தத்தில் சாப்வித் கேமல் முதலான விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு ஊற்றப்பட்டது சாட்சாத் விளக்கெண்ணெய். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த எஞ்சின்கள் குடித்த எண்ணெயைப் புகையோடு வெளியே விசிறியடித்தபடியால், அதை ஆகாயத்திலே சுவாசித்த வீரர்கள், எதிரியின் குண்டுக்குத் தப்பித் தரையிறங்கியதும், நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்தபின் பேரப்பிள்ளைகள் ஓடும் திசையிலேயே ஓடினார்கள் என்பது சரித்திரம். எங்கள் வட சிலாங்கூரோ எண்ணெய்க்கென்றே பிறந்த பிரதேசம். 1917இல் ஹென்றி ஃபொகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை இந்நாட்டில் வர்த்தக ரீதியில் முதன்முதலாகப் பயிரிட்ட தென்னமரம் தோட்டம், அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனவும் இன்று பெஸ்தாரி ஜெயா எனவும் வழங்கும் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. இவ்வளவு எண்ணெய்ப் பாரம்பரியம் உள்ள மண்ணில், மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெயை ஒரு பாத்திரத்திலிருந்து வடித்து, அதே பாத்திரத்தில் புதிதாக ஊற்றுவதற்கு ஆள் கிடைப்பது ஏன் இத்தனை துர்லபமாக இருக்கிறது?

நான் நெடுநாள் சிந்தித்துக் கண்ட காரணம் இது: பட்டறையில் இதைக் காட்டிலும் எளிய வேலை வேறில்லை. அடியிலுள்ள டிரெயின் நட்டைக் கழற்ற வேண்டும். வடிய விட வேண்டும். ஃபில்டரை மாற்ற வேண்டும். நட்டைப் பூட்டி ஊற்ற வேண்டும். எளிய வேலையாகையால் கியர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய தலைமைப் போமன் அதன் பக்கமே திரும்புவதில்லை. அது, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையனிடம் போகிறது. பையனுக்கோ இரண்டு கைகள், மூன்று கார்கள், ஒரு கைப்பேசி. கஷ்டமான வேலைக்குக் கெட்டிக்காரன் கிடைக்கிறான். சுலபமான வேலைக்கு யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவனே கிடைக்கிறான்.

காண்டல் என்னும் முதற் பிரமாணத்தை எடுத்துக்கொள்வோம். கார் மேலே தூக்கப்படுகிறது; அதன் அடிவயிற்றில் நடப்பது நம் கண்ணுக்குப் படுவதில்லை. போதாக்குறைக்குப் பட்டறை முதலாளியாகிய தவுக்கே நம்மைப் பரிவோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்து ஒரு கோப்பியும் வரவழைத்துக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கோப்பி ஆறுவதற்குள் பையனின் தேக பலத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று சம்பவிக்கும். பையன் பீமசேனனாக இருந்தால், ஸ்பானரின் வாலில் ஒரு நீண்ட குழாயைச் செருகி, நட்டு இனி எந்த யுகத்திலும் கழலக்கூடாது என்ற வைராக்கியத்தோடு முறுக்கி, எண்ணெய்த் தொட்டியின் மரையை அழித்துவிடுவான். சுகுமாரனாக இருந்தால் விரலால் ஒரு திருகுத் திருகிவிட்டு, கைப்பேசி அழைக்கவே அப்படியே போய்விடுவான். அளவறிந்து முறுக்குகிறவன் எங்கோ ஒருவன். அவன் புகழ் பரவியதும் ஷா ஆலாமில் யாராவது அவனைக் கொத்திக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஊற்றும் விஷயத்திலும் இப்படித்தான். குறைவாக ஊற்றினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். தாராள மனத்தோடு மிகுதியாக ஊற்றினாலும் ஆபத்துதான். சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிட, நுரையால் எதற்கும் மசகிட முடிவதில்லை. நம்மவர் விருந்தில் இலை நிறைந்தபின்னும் பரிமாறும் உபசாரம் எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளாது.

என் அநுபவத்தில் மறக்கவொண்ணாதது ஃபில்டர் விஷயம். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அந்த வளையம் சில சமயம் அதனோடு வராமல் எஞ்சினின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கவனமுள்ளவன் ஒரு துணியால் அந்த இடத்தைத் துடைக்கும்போதே அதைக் கண்டு எடுத்துவிடுவான். மற்றவன் அதன்மேலேயே புதிய ஃபில்டரைப் பூட்டுவான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் அமர்ந்துவிட்டால், பட்டறை வாசலில் ஒரு சொட்டும் ஒழுகாது. எல்லாம் க்ஷேமமாகத் தோன்றும். சாலையில் வேகம் பிடித்து எண்ணெயின் அழுத்தம் ஏறியதும், இரண்டில் ஒன்று பிதுங்கிக்கொண்டு வெளிவர, எஞ்சினிலுள்ள அத்தனை எண்ணெயும் சில நிமிஷங்களில் பூமாதேவிக்கு அபிஷேகமாகிவிடும்.

எங்களுக்கு அது கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், செகிஞ்சானைத் தாண்டி, இருபுறமும் பச்சை வயல் விரிந்து கிடந்த இடத்தில் நிகழ்ந்தது. முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நல்ல வேளையாக நான் உடனே எஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியெல்லாம் சாலைமேல் ஒரு கரிய கோடு எங்களைப் பின்தொடர்ந்து வந்திருந்தது. பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாய் என் மனைவி வயல் வரப்பருகே நிற்க, வெளியூரிலிருந்து வயல் பார்க்க வந்திருந்த உல்லாசப் பிரயாணிகள் சிலர் எங்களையும் காட்சியின் ஓர் அங்கமாகக் கருதிப் படம் பிடித்துக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரத்துக்கு நாங்கள் இழுவை லோரியின் முன் ஆசனத்தில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

காண்டல் போனால் கருதல். கண்ணாடியின் மூலையில் ஒட்டப்படும் சிறு சீட்டில் அடுத்த முறை எத்தனையாவது கிலோமீட்டரில் வரவேண்டும் என்று எழுதியிருக்கும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போலச் சீட்டைக் கண்டு எண்ணெயை ஊகிக்கலாம் அல்லவா என்றால், புகை நெருப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும். சீட்டுக்கு ஒரு பேனா போதும். மூன்றாவதாகிய உரையோ தவுக்கேயின் திருவாக்கு. காருக்கடியில் சொட்டுச் சொட்டாய் விழுவதைச் சுட்டிக் காட்டினால், அவர் குனிந்தும் பாராமல், "தா அப்பா லா போஸ், சிக்கிட் சாஜா" என்று அருளிச்செய்வார். கொஞ்சந்தானே, பாதகமில்லை என்னும் அந்த வாசகத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

சட்டத்தில் உண்டு என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மைதான். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்து தரவேண்டும் என்று விதிக்கிறது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணம் செலுத்தி ஐம்பதாயிரம் வெள்ளி வரையில் கோரலாம். கட்சிக்காரர்களுக்காக வழக்கறிஞர்கள் வந்து வாதாட அனுமதியில்லை என்பது அதன் தனிச் சிறப்பு. அரசாங்கம் வடித்தெடுத்த பழைய எண்ணெயைக்கூட அநாதையாக விடவில்லை. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு, அதற்கு எஸ்.டபிள்யூ. 305 என்று ஓர் எண்ணும் உண்டு. அதைக் கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். காரைவிட்டு முறைப்படி நீங்கிய எண்ணெய்க்கு இப்படி ஒரு அந்தஸ்து கிடைத்திருக்க, செகிஞ்சான் சாலையில் சிந்திய என் புதிய எண்ணெய் மட்டும் எந்த அட்டவணையிலும் ஏறாமல் போயிற்று.

இந்த விஷயத்துக்குப் பரிகாரம் கண்டவர் என் மனைவியின் தாய்மாமன். கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுளின் பெரும்பகுதி பால் வெட்டியவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ரப்பர் மரத்தில் கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போய்விட்டால் காயம் விழும், காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது என்பது அவருக்குத் தெரியும். விடியற்காலை இருட்டில் ஒருவன் நானூறு மரத்துக்கு மேல் வெட்டினாலும், காயம் பட்ட மரத்தைக் கங்காணி பகலில் கண்டுபிடித்துவிடுவார். கங்காணி விட்டாலும் வெளிக்காட்டுக் கிராணி விடமாட்டார். எண்ணெய் மாற்றுவதும் பால்வெட்டைப் போன்றதே. தினமும் செய்யும் வேலை, அளவு மீறினால் காயம், காயம் வெளியே தெரிய நாளாகும். கங்காணி இல்லாததுதான் வித்தியாசம் என்று கண்டு, அந்தப் பதவியை மாமா தாமே ஏற்றுக்கொண்டார்.

அடுத்த தடவை அவர் என்னோடு வேறொரு பட்டறைக்கு வந்தார். நாற்காலியை மறுத்தார், கோப்பியை நின்றுகொண்டே குடித்தார். பையன் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சு அங்கிள், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

"பழைய ஃபில்டர் எங்கப்பா?"

"தூக்கிப் போட்டாச்சு அங்கிள்."

"எங்க போட்ட? எடுத்துக் காட்டு."

பையன் தொட்டியைக் கிளறி எடுத்து வந்தான். மாமா அதைத் தலைகீழாகத் திருப்பி, ரப்பர் வளையம் அதனோடு வந்திருக்கிறதா என்று விரலால் வட்டமாகத் தடவிப் பார்த்தார். பிறகு காலிப் புட்டிகளை எண்ணினார். நட்டுக்குப் புது வாஷர் போட்டாயா என்று கேட்டார். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தச் சொல்லி, சமதரையில் சில நிமிஷம் காத்திருந்து, எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். கடைசியாக, காருக்கடியில் ஒரு அட்டையை விரித்து, "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்று உத்தரவிட்டார். அட்டையில் ஒரு பொட்டும் விழவில்லை. பையனுக்கு முதலில் வந்த கோபம் மெல்ல ஒரு பெருமிதமாக மாறியதை நான் கவனித்தேன். தன் வேலையை யாராவது இவ்வளவு சிரத்தையோடு பார்ப்பார்கள் என்று அவன் எதிர்பார்த்திருக்கமாட்டான். பார்க்கப்பட்டதும், பார்க்கத்தக்க வேலையாகச் செய்ய அவனுக்கே ஆசை வந்துவிட்டது.

இந்தச் செய்தி தாமான் முழுவதும் பரவி, இப்பொழுது பலரும் சர்வீசுக்குப் போகையில், கல்யாணத்துக்குப் புரோகிதரை அழைப்பது போல மாமாவை அழைத்துப் போகிறார்கள். அவர் நிற்கும் பட்டறைக்குக் கூட்டம் கூடியதைக் கண்ட தவுக்கே, யுக்தி தெரிந்த வியாபாரியாகையால், தினம் காலையில் வந்து நின்றால் மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார். மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"வேணாம் தவுக்கே. ஓங்கிட்ட சம்பளம் வாங்குனா நான் ஓன் ஆளாயிருவேன். அப்புறம் என்னையப் பாத்துக்க இன்னொரு ஆளு வைக்கணும்."