அரை ஆசிரியருக்கு 1,800 ரிங்கிட்

வாத்தியாருக்கு மார்க் போடும் வித்தையில் பேர் வாங்கிய புண்ணியவான் ராபர்ட் லோவ். 1862-ல் இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பில் இருந்தவர். பள்ளிக்கூடங்களுக்குக் கொட்டுகிற அரசாங்கப் பணம் எங்கே போகிறது என்று அவருக்குத் தூக்கமில்லை. ஒரு கணக்குப் போட்டார். தேர்வுக்கு வந்து நிற்கிற பிள்ளைக்குத் தலைக்கு எட்டு ஷில்லிங். வாசிப்பில் கோட்டை விட்டால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு. எழுத்துக்கு ஒரு வெட்டு, கணக்குக்கு ஒரு வெட்டு. மூன்றிலும் விட்ட பிள்ளைக்கு எட்டு ஷில்லிங்கும் போச்சு. ரப்பர் தோட்டக் கொட்டகையில் பாலை நிறுத்துக் கூலி போடுகிற கிராணி இவரிடம் தோற்றார்.

வாத்தியார்கள் லேசுப்பட்டவர்களா? வாசிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை உருப்போட வைத்துவிட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கடகடவென்று 'வாசித்த' கதைகள் இன்றுவரை உலவுகின்றன. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, இது கல்வியே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். கவிஞர் பேச்சை யார் கேட்டார்கள்? ஏற்பாடு 1890-கள் வரை ஓடியது. சென்னை மாகாணத்துக்கும் 'ரிசல்ட் கிராண்ட்' என்று கப்பலேறி வந்து சேர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். மெர்லிமாவைத் தாண்டி, கெசாங் ஆற்றைக் கடந்து மூவாருக்குள் நுழைவதற்கு முன்னால் இருக்கிறது சுங்கை ரம்பாய். இது மாதிரித் தோட்டப்புறங்களுக்காக மலாயாவில் வந்த 1923-ன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரைமார் பள்ளி வைத்தார்கள். வாத்தியார்? கங்காணி, கிராணி, கொஞ்சம் எழுத்து தெரிந்த தொழிலாளி என்று யார் கையில் அகப்பட்டாரோ அவர். பெற்றோர் நிரையில் இருக்கும்வரை பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் வாத்தியார் கெட்டிக்காரர். மலாயா கண்ட மிகச் சிக்கனமான மதிப்பீட்டு முறை இதுதான் என்பது என் கணிப்பு.

1988-ல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யூபிஎஸ்ஆர் தேர்வு வந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பின்னாளில் ஏழு தாள். அதோடு 'ஏழு ஏ' என்ற புதுத் தெய்வமும் வந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் பென்சில்களும் அழிப்பான்களும் தாம்பாளத்தில் ஏறி அம்மன் முன்னால் அர்ச்சனை வாங்கின. முடிவு வந்த மறுநாள் பத்திரிகையில் பிள்ளைகளின் படம்.

வாத்தியாரின் தலையெழுத்தோ வேறொரு தாளில் இருந்தது. அதன் பெயர் 'ஹெட்கவுண்ட்'. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. முதல் கட்டத்தில் டிஓவி, அதாவது பிள்ளை புறப்படும் இடம். கடைசியில் ஈடிஆர், போய்ச் சேரவேண்டிய இடம். நடுவில் ஏறவேண்டிய படிகள். புறப்பாட்டு மார்க்கைக் குறைத்துக் காட்டினால் ஏற்றம் அமோகமாகத் தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க எந்த வாத்தியாருக்கும் பயிற்சிப் பட்டறை தேவைப்படவில்லை. தேறலாம், தேறாமலும் போகலாம் என்று கோட்டின் மேல் நிற்பவர்களுக்கு 'கலுஸ்' என்று பெயர். டியூஷன், முகாம், விடையளிக்கும் உத்தி, மைலோ எல்லாம் அவர்களுக்குத்தான். எழுத்துக் கூட்டவே திணறுகிற பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து செம்பனை மரத்தை எண்ணிக்கொண்டிருப்பான். தேறாதவரை அவன் எத்தனை ஏறினாலும் வாத்தியாரின் தேர்ச்சிக் கணக்கில் ஒரு புள்ளி அசையாது.

எல்லாம் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ஜிபிஎஸ் எண், அதாவது பள்ளியின் சராசரித் தரம். ஏ-வுக்கு ஒன்று, ஈ-க்கு ஐந்து, குறைந்தால் நல்லது. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் 'எண் இறங்கியிருக்கிறது' என்று தலைமையாசிரியர் சொன்னால், கைதட்டுவதா அழுவதா என்று பாதிப் பேருக்குப் புரியாது.

2010-ல் அரசாங்கம் பணத்தையும் மேசையில் வைத்தது. சாதித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு 7,500 ரிங்கிட், ஆசிரியர்களில் முதல் ஐந்து விழுக்காட்டினருக்கு 1,800, மற்றவர்களுக்கு 900. லோவ் துரை கல்லறையில் புரண்டு படுத்துப் புன்னகைத்திருப்பார். பத்து ஆசிரியர்கள் வேலை செய்கிற சின்னத் தமிழ்ப்பள்ளியில் ஐந்து விழுக்காடு எவ்வளவு? அரை ஆசிரியர். எந்த அரை என்று புத்ராஜெயாதான் சொல்லவேண்டும்.

2014-ல் தாள்களே தேர்வுக்கு முன்னால் வெளியே உலாப் போய்விட்டன. அறிவியலும் ஆங்கிலமும் செப்டம்பர் 30-ல் மறுபடி. கணிதமும் தமிழும் அக்டோபர் 9-ல் மறுபடி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டாம் தடவை பென்சில் சீவினார்கள். 2016-ல் தேர்வின் வடிவத்தை மாற்றினார்கள். நாடு முழுவதும் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் 4,896 பேராகக் குறைந்தார்கள், நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டிய கணக்கு. ஒரே வருஷத்தில் வாத்தியார்கள் அத்தனை பேருக்கும் பாடம் நடத்துவது மறந்துபோயிற்றா என்று கேட்டவர்களும் உண்டு.

2021 ஏப்ரல் 28-ல் யூபிஎஸ்ஆர் ஒழிந்தது. இப்போது ஒன்று முதல் ஆறு வரை டிபி என்ற அடைவுநிலைகள். இதில் கூடினால்தான் நல்லது. 'எத்தனை ஏ?' என்று கேட்ட வாய்கள் 'எத்தனை டிபி ஆறு?' என்கின்றன.

சுங்கை ரம்பாய்ச் சாப்பாட்டுக் கடையில் ஓய்வுபெற்ற வாத்தியார் யாரையாவது பார்த்தால், எத்தனை ஏழு ஏ வாங்கிக்கொடுத்தார் என்று கேட்காதீர்கள். அந்த ஜன்னலோரப் பையன்களில் எத்தனை பேரை வாசிக்க வைத்தார் என்று கேளுங்கள். அதற்கு ஹெட்கவுண்டில் கட்டம் கிடையாது என்பதால் மனிதர் லேசில் நிறுத்தமாட்டார். தே தாரிக்குக் காசு நீங்கள் கொடுத்துவிடுங்கள்.