பிரவுசர் வேடம் கட்டுவது எப்படி?

ஒரு வலைத்தளத்தில் உள்ளதையெல்லாம் நிரல் எழுதி அள்ளப் போகிறீர்களா? முதல் விதி, உண்மையைச் சொல்லக் கூடாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் வெள்ளந்தி. விட்டால் யூசர்-ஏஜென்ட் ஹெடரில் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் தானே ஒப்பித்துவிடும். பல தளங்களில் வாசலிலேயே 403, அனுமதி மறுப்பு.

ஆகவே 'மொசில்லா/5.0' என்று ஆரம்பியுங்கள். மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை. மொசில்லா என்பது நெட்ஸ்கேப்பின் செல்லப்பெயர். நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கங்களைக் கொடுத்த சர்வர்களை ஏய்க்க, 1990களிலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டது. இன்றைய குரோமும் தன்னை மொசில்லா என்கிறது, ஆப்பிள்வெப்கிட் என்கிறது, 'கெக்கோ மாதிரி' என்கிறது, சஃபாரி என்றும் சொல்லி முடிக்கிறது. நடுவில் குரோம் என்ற உண்மையும் ஒளிந்து கிடக்கும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கூசவில்லை, நமக்கென்ன?

அடுத்து, டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பிரவுசர் அனுப்பும் ஹெடர்களை மொத்தமாக நகலெடுங்கள். படித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அக்செப்ட்-என்கோடிங்கில் 'பிஆர்' என்று இருக்கும். அது ப்ரோட்லி சுருக்கமுறை. அதை விரிக்கும் நூலகம் உங்களிடம் இல்லையென்றால் வந்து விழுவது புரியாத கிறுக்கல். 'தளம் பயங்கரமாகத் தற்காத்துக்கொள்கிறது' என்று மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம். குக்கீயையும் சேர்த்து நகலெடுத்து, நிரலைப் பொதுவில் பதிவேற்றினால் உங்கள் அக்கவுன்ட் ஊர்ப்பொதுச் சொத்து.

ரெஃபரர் ஹெடரின் ஆங்கில எழுத்தில் ஓர் 'ஆர்' குறையும். 1996-ல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அப்படித்தான். தமிழாசிரியர் மாதிரி திருத்தி எழுதினால் சர்வர் சீந்தாது.

இவ்வளவும் செய்த பிறகும் மாட்டிக்கொள்ள வழி உண்டு. ஹெடர் போய்ச் சேருமுன்பே டிஎல்எஸ் இணைப்பு தொடங்கும் விதத்தை வைத்தே 'இது குரோம் இல்லை, பைத்தான்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று 429 வந்தால் கூடவே ரிட்ரை-ஆஃப்டர் என்று ஒரு ஹெடரும் வரக்கூடும், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று. நாம் ஹெடர் அனுப்புகிறவர்கள், படிக்கிறவர்கள் அல்ல.

ஃப்ரம் என்ற ஹெடரை மட்டும் தொடவே தொடாதீர்கள். ரோபோவை ஓட்டுகிறவரின் மின்னஞ்சல் முகவரிக்கென்றே தரநிலையில் இருப்பது அது. விக்கிமீடியாவும் யூசர்-ஏஜென்டில் தொடர்பு விவரம் கேட்கிறது. கொடுத்துத் தொலைத்தால் தள நிர்வாகி கடிதம் போட்டுவிடுவார்: "தம்பி, இதெல்லாம் எங்கள் ஏபிஐயிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே!" அப்புறம் இந்த மாதம் முழுக்க என்ன வேலை பார்த்தோம் என்று மேனேஜரிடம் எதைக் காட்டுவது?