எந்த சிப் வாங்கலாம்? அவசரமில்லாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றைச் சொந்தமாகச் செய்யப் போகிறீர்கள். நல்லது. எந்த மைக்ரோகன்ட்ரோலர் என்று முடிவாகும்வரை சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள். முடிவாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஃபிளாஷ் மெமரியில் ஆரம்பியுங்கள். ஆர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி-யில் 32 கேபி. தொட்டிக்கான புரோகிராமுக்கு அதில் கால்வாசியே தாராளம். ஆனாலும், "பின்னால் வைஃபை சேர்த்தால்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், இஎஸ்பி32 பட்டியலில் ஏறிவிடும். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 2 எம்பி. அதுவும் ஆர்பி2040 சிப்புக்குள் இல்லை, பக்கத்தில் தனி சிப்பாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது நல்லதா, வெளியே இருப்பதா? ஒரு வாரம் ஓடும்.

அடுத்து ஆயுள். பழைய ஏடி89சி51-ஐ 1,000 தடவை அழித்து எழுதலாம் என்கிறது டேட்டாஷீட். ஏடிமெகாவை 10,000 தடவை. தினம் பத்து தடவை ஏற்றினாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் வரும். நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட ஏற்றவில்லை என்பதை இங்கே நினைக்கக் கூடாது. ஏடிமெகாவில் எழுதியது 25 டிகிரியில் 100 ஆண்டு நிற்கும், 85 டிகிரியில் 20 ஆண்டு. கத்திரி வெயிலில் மாடிப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று கணக்குப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். தொட்டி அதுபாட்டுக்கு வழியட்டும்.

வோல்டேஜைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உருப்படியான ஒப்பீடு அது ஒன்றுதான். ஊனோ 5 வோல்ட். பிக்கோவும் இஎஸ்பி32-வும் 3.3. ஐந்து வோல்ட் சென்சாரை நேராக மாட்டினால் பின் போய்விடலாம். இதைப் பார்த்தவர்கள் பேசாமல் ஊனோவை வாங்கி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர், "எதுக்கு சார்?" என்பார். தொட்டிக்கு என்று உளறிவிடாதீர்கள், மிதவை ஸ்விட்சை எடுத்து நீட்டிவிடுவார். அதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. "ஐஓடி புராஜெக்ட்" என்று சொல்லி மூன்று போர்டையும் வாங்குங்கள். பில் போடும்போது எஸ்டிஎம்32 புளூ பில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது அசல் சிப்பா, நகலா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது தனிப் பொழுதுபோக்கு.

பிக்கோவைக் கம்ப்யூட்டரில் மாட்டியும் அசைவில்லையென்றால் சிப்பைத் திட்டாதீர்கள். அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. இனி கேபிள்களை ஒப்பிட ஆரம்பிக்கலாம்.