அத்தப்பூ இடுவது எப்படி, இட்டபின் ஊர் சுற்றுவது எப்படி

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆவணி பிறந்ததும் ஒரு தீர்மானம் போடும். இந்த ஓணத்துக்கு அத்தப்பூக்களம் நாமே இடுவோம், எல்லாம் வீட்டுக் கைவேலை, கடைக்கு ஒரு காசு கொடுப்பதில்லை. உடனே வீட்டின் மூத்த பெண்மணி, "நாப்பது வருஷமா வாசல்ல கோலம் போடறேன், இந்தப் பூவைக் கொட்டறது என்ன பெரிய வித்தையா?" என்பார். முதல் ஆலோசனை இங்கேயே தேவைப்படுகிறது. கோலம் ஒற்றை ஆள் கலை. விடியுமுன் எழுந்து, யாரையும் கேட்காமல், ஒரு கிண்ணம் மாவில் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடலாம். பூக்களம் அப்படியல்ல, அது கமிட்டி வேலை. வரைய ஒருவர், இதழ் பிய்க்க நான்கு பேர், "அந்த ஓரம் கொஞ்சம் கோணல்" என்று சொல்ல ஏழு பேர் வேண்டும். கடைசிப் பதவிக்கு மட்டும் ஆள் தேட வேண்டியதில்லை.

அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள். பழைய முறையில் முதல் நாள் தும்பைப்பூ மட்டும் இடுவார்கள். சோதி வரும்வரை சிவப்புப் பூ கூடாது. மூலத்தன்று களம் சதுரமாக இருக்க வேண்டும். நாளுக்கு நாள் பெருத்து உத்திராடத்தில் உச்சிக்கு வரும். இதையெல்லாம் எதிர்வீட்டுச் சேச்சியிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சேச்சி இவற்றைச் சின்ன வயதில் தறவாட்டு முற்றத்தில் செய்தவர். இப்போது உத்திராடத்தன்று மட்டும் போடுகிறார். நீங்கள் பத்து நாளும் போடுவதாகவே ஆரம்பியுங்கள். அத்தத்தில் பிறந்த உற்சாகம் விசாகத்தில் தளர்ந்து கேட்டையில் படுத்துவிடும். அது படுத்து ஓய்வெடுத்தால்தான் உத்திராட ராத்திரி எல்லோரும் புதுத்தெம்போடு சண்டை போட முடியும்.

முதல் நாள் தும்பைக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. தும்பை விதைத்து வருவதில்லை, காலி மனையில் தானாக முளைப்பது. இந்த ஊரில் தும்பை தேடுவதைவிடக் காலி மனை தேடுவது கடினம். அப்படி ஒன்று கிடைத்தால் பூவை விட்டுவிட்டு மனையை விசாரியுங்கள்.

ஆக, கடைக்குப் போகாமல் முடியாது. கிழக்கேகோட்டையிலிருந்து சாலைத் தெருவுக்குள் நுழையுங்கள். இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்தியது. பாதிக் கடைகளில் தமிழ் கேட்கும், பூக்கடைகளில் நாகர்கோவில் தமிழே கேட்கும். நீங்கள் ஊர்ப்பாசத்தோடு "அண்ணாச்சி, கேந்தி என்ன விலை?" என்பீர்கள். "நேத்து வந்திருக்கணும் சார்" என்பார் அவர். எந்த நாள் போனாலும் இதே பதில்தான். பாஷை ஒன்றானதால் விலை குறையாது, விலை ஏன் ஏறியது என்ற விளக்கம் மட்டும் நன்றாகப் புரியும்.

விளக்கம் தோவாளையில் தொடங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில், ஆரல்வாய்மொழிக்கு இப்பால் இருக்கும் பூச்சந்தை அது. அரளி, ரோஜா, நொச்சி இலை கொண்டு மாணிக்கக் கல் பதித்ததுபோல மடித்துக் கட்டும் மாணிக்கமாலை அந்த ஊர்க்காரர்களின் கைவேலை. திருவிதாங்கூர் அரசர் ஒருவர் பார்த்து வியந்து வைத்த பெயர் என்பார்கள். ஓணம் வந்துவிட்டால் ஓசூர், திண்டுக்கல் பூவும் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்து வண்டி வண்டியாக மேற்கே போகும். 1956 நவம்பர் 1 வரை தோவாளை தாலுகா திருவிதாங்கூர் பக்கத்தில்தான் இருந்தது. அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒரு ராத்திரியில் உள்ளூர்ப் பூ வெளிமாநிலப் பூவாயிற்று. காட்டாக்கடைப் பக்கம் இப்போது ஓணத்துக்கென்றே கேந்தி பயிரிடுகிறார்கள், நல்ல காரியம். ஆனாலும் உங்கள் 'வீட்டுக் கைவேலை'யில் பெரும்பங்கு உங்களுக்கு முன்பே மாநில எல்லையைக் கடந்து வந்துவிட்டது என்பதை விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு பூ வாங்குவது? இதில் கணக்கு தெரிந்த மாமனார் இருந்தால் நல்லது. மூன்று அடிக் குறுக்களவில் வட்டம் போட்டால் பரப்பு ஏழு சதுர அடி. பக்கத்து பிளாட்டில் ஆறு அடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீங்களும் ஆறு அடிக்குப் போனால் பதினான்கு ஆகாது, இருபத்தெட்டைத் தாண்டும். அளவு இரட்டித்தால் பூ நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்த இந்த உண்மை உத்திராட ராத்திரி பதினோரு மணிக்கு, உள்வட்டம் நிரம்பி வெளிவட்டம் வெறுமையாக நிற்கும்போது ஞாபகம் வரும். அந்நேரம் சாலைக்கு ஓட ஒரு மருமகனைத் தயாராக வைத்திருங்கள்.

இதழ் பிய்ப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேந்தியைக் காம்போடு பிடித்துத் திருகினால் இதழும் அடிப்பச்சையும் சேர்ந்து வரும். பச்சை கலந்தால் மஞ்சள் செத்துப்போகும். இடது கையால் குவளையை நெரித்து, வலது கையால் இதழ்களை ஒரே கொத்தாக உருவ வேண்டும். பத்துப் பூவுக்குள் கட்டைவிரல் நகம் பச்சையேறும். அந்தக் கசப்பு வாசனை சோப்புக்குப் போகாது, மறுநாள் சத்யை விருந்தில் பரிப்பும் நெய்யும் பிசையும்போதும் கூடவே வரும். வாடாமல்லியை உதிர்த்தால் மரத்தூள் போலக் கொட்டும், நாள்கணக்கில் நிறம் மாறாது. சோம்பேறிகளுக்கு அதைவிட நல்ல பூ கிடையாது. பச்சை நிறத்துக்குச் செம்பருத்தி இலையைக் கீரை நறுக்குவதுபோல நறுக்கச் சொல்வார்கள். சமையலறையில் கீரை பக்கமே போகாத ஆண்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கலை என்று சொன்னால் செய்வார்கள்.

வரைவதற்கு ஓர் ஆணி, ஒரு நூல், ஒரு சாக்கட்டி போதும். நூலின் நீளத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் அளந்துகொண்டே போனால் ஆறாவது தடவை சரியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஆறிதழ்த் தாமரை தானாக விழுந்துவிடும். அது வராமல் ஐந்தே முக்காலில் நின்றால் நூல் எலாஸ்டிக் என்று பொருள். நாற்பது வருஷமாகப் புள்ளி வைத்துப் பழகிய பாட்டியிடம் நூலைக் காட்டாதீர்கள். நூல் இல்லாமலே போட்டுவிடுவார், அப்புறம் மாமனார் கணக்குக்கு மதிப்பிருக்காது.

பூ போதாமல் போனால் சாயம் கலந்த கல்லுப்பும் தேங்காய்த் துருவலும் கைகொடுக்கும். பிளாட் சங்கத்துப் போட்டியில் நடுவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்ப்பார், ஜாக்கிரதை. உப்புக்குப் பரிசு கிடையாது. முடித்ததும் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்தினால் வியர்க்கிறது என்று விருந்தாளி வேகமாகத் திருப்புவார். அந்த ஒரு கணத்தில் மாபலி வராமலே களம் முழுவதும் பாதாளத்துக்குப் போய்விடும்.

கைவேலையில் இன்னும் ஆசையிருந்தால் பிள்ளைகள் ஓணவில்லு செய்யட்டும் என்று தோன்றும். திருவோணத்தன்று பத்மநாபசுவாமிக்குச் சார்த்தும் அந்த வில்லை, கரமனையில் ஒரு விஸ்வகர்மா குடும்பம் தலைமுறை தலைமுறையாக, 41 நாள் விரதமிருந்து வரைகிறது. அனந்தசயனமும் அவதாரங்களும் அதில் வரும். உங்கள் வீட்டில் பழைய அலமாரிப் பலகையில் போஸ்டர் கலரால் 41 நிமிஷத்தில் ஆகும். பாம்பு மட்டும் வரைந்துவிட்டு, சுவாமி தூங்கி எழுந்து போய்விட்டார் என்று பையன் சொல்வான். ஒப்புக்கொள்ளுங்கள்.

சங்கத்து விழாவில் மாபலி வேஷத்துக்கு ஆள் எடுப்பார்கள். குடவயிறு, மீசை, ஓலைக்குடை பிடிக்கும் பொறுமை ஆகியவையே தகுதி. தமிழரென்று உங்களை ஒதுக்கமாட்டார்கள். வயிற்றுக்கு மாநில எல்லை கிடையாது.

இனி ஊர் சுற்றல். வீட்டுக் கைவேலையால் கெட்டுப்போன குடும்ப உறவைச் சீர்செய்யத்தான் வெளியே போகிறோம் என்பதை மறக்கக்கூடாது. காரில் ஐந்து இருக்கை இருந்தால் ஆறு பேரைக் கூப்பிடுவது மரபு.

மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், அன்று விடுமுறை. ஆனால் எல்லோருக்கும் லீவு கிடைப்பது திங்களன்றுதான் என்று வீட்டில் முடிவாகும். வாசலில் நின்று அதே வளாகத்து நேப்பியர் மியூசியத்தைக் காட்டிச் சமாளியுங்கள். சென்னையில் பல கட்டடங்கள் கட்டிய ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்து 1880-இல் முடிந்தது. காற்றோட்டத்துக்கென்றே கட்டியது, ஏசி இல்லாமல் உள்ளே குளிர்ந்திருக்கும். 'அந்தக் காலத்தில்' என்று தாத்தா பேசத் தொடங்க ஏற்ற இடம். பிள்ளைகள் மிருகம் கேட்டு அழுதால் லங்கூர் கதையைச் சொல்லுங்கள். திருப்பதியிலிருந்து கொண்டுவந்த ஹனுமான் லங்கூர் ஒன்று 2023 ஜூனில் கூண்டைவிட்டு மரமேறித் தப்பி, வாரக்கணக்கில் நகரத்தில் சுற்றியபின்தான் பிடிபட்டது. பார்க்கிங் தொல்லையில்லாமல் திருவனந்தபுரத்தை ஆற அமரப் பார்த்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

காசில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் மேத்தன்மணி. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி, கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. மணியாகும்போது கடிகாரத்துக்கு மேலுள்ள தாடிக்கார முகம் வாய் திறக்கும், இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டும். கடிகாரம் ஓடும் நாளா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது மணியடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த ஐம்பத்தைந்து நிமிஷத்தில் குடும்பத்தில் யார் யாரை முட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். கடா முட்டும் நேரத்தில் போனைத் திறப்பீர்கள், போன் திறக்கும் நேரத்தில் வாய் மூடிவிடும்.

பசித்தால் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இந்தியன் காபி ஹவுஸுக்குப் போங்கள். லாரி பேக்கர் கட்டிய செங்கல் உருளை. உள்ளே மாடிகளே கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவு, அதன் ஓரமாகக் கட்டிய மேஜையும் பெஞ்சும். இடம் தேடி ஏறிக்கொண்டே போனால் உச்சியில் எதிர்ப்படுபவர் கீழே இடம் இருக்கிறதா என்று கேட்பார். விசிறி மடிப்புத் தலைப்பாகைக்காரர் கொண்டுவரும் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும். பாட்டிக்கு அதிர்ச்சி உண்டாகாமல் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

ராத்திரியில் கனகக்குன்னு, கவடியார் முதல் கிழக்கேகோட்டை வரை ஓணம் வாரத்துக்கு அரசாங்கம் போடும் விளக்கலங்காரம். பார்க்க வேண்டியதுதான். காரில் போனால் முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கை நெருக்கமாகப் பார்க்கலாம். நடந்து போங்கள், இல்லையென்றால் மேல்தட்டு திறந்த இரட்டைமாடி பஸ்ஸில் இடம் பிடியுங்கள்.

பொன்முடி வேண்டாமா என்று ஒரு கொழுந்தன் கேட்பார். போகலாம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண்பலகை உண்டு. சத்யை முடிந்த கையோடு மட்டும் கிளம்பாதீர்கள். இந்த ஊர் வழக்கப்படி போளியை இலையில் போட்டு, பால்பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டிருப்பார்கள், அதுவும் இரண்டாம் தடவை. பிள்ளைகள் வளைவுகளைச் சத்தமாக எண்ணுவார்கள். எண்ணிக்கை நின்ற இடத்தில் வண்டியை ஓரங்கட்டவும். மாற்றுச் சட்டை, தண்ணீர், எலுமிச்சம்பழம் ஆகியவை டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கொழுந்தனை ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.